கை கொடுத்துத் தூக்குகிறவன்

ஆர்லன் ப்ரூசாரின் பெயர் மைதானத்து ஒலிபெருக்கியில் வந்தால் அது திட்டு வாங்கத்தான். அமெரிக்கக் கால்பந்தில் கார்ட் இடத்தில் நிற்கிறவனின் பிழைப்பு அப்படி. பந்து எங்கே போகிறது என்று அவன் பார்ப்பதில்லை. எதிரே குனிந்து நிற்கிற முந்நூறு பவுண்டு ஆளை, பந்து எறிகிறவன் பக்கம் போகவிடாமல் மார்போடு மார்பு மோதி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் யாரும் கவனிப்பதில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தால் மட்டும் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லும், கூட்டம் மொத்தமும் ஊளையிடும். சொந்த ஊரான ஹூமாவில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மா அந்த ஊளையைக் கேட்டுத்தான் பையன் இன்றைக்கு ஆடுகிறான் என்று தெரிந்துகொள்வாள்.

லூசியானாவில், இறால் படகுக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் பிறந்தவன். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் அவருடைய கை பேசிவிடும். பள்ளிக்கூடத்து வெள்ளிக்கிழமை ஆட்டம் ஒன்றில் எதிரணிப் பையனின் காறை எலும்பை ஆர்லனின் தோள் முறித்தது. முறிந்த சத்தத்தைக் காதை விடப் பல்லில்தான் அதிகம் கேட்டான். அந்தப் பையனின் அம்மா வேலிக்கு அந்தப்புறம் நின்று அழுதாள், இந்தப்புறத்துக் கூட்டம் எழுந்து நின்று குதித்தது. அடுத்த வாரம் முடிவெட்டுகிறவர் அவனிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். அதே தோளால் அந்தக் கடை வாசலில் ஒருவனை இடித்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். சுண்ணாம்புக் கோட்டுக்குள் இடித்ததால் முடிவெட்டு இலவசம். உலகத்தில் ஆர்லனுக்கு முதலில் புரிந்த சட்டம் அது. கடைசிவரை புரிந்ததும் அது ஒன்றுதான் என்று அவன் மனைவி செலஸ்ட் சொல்வாள்.

கோட்டுக்கு வெளியே அவன் ஒரு பூச்சி. ஓட்டலில் கேட்காத சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவான். கோட்டுக்குள் வந்தால், ஒருவர்மேல் ஒருவர் விழுந்த குவியலுக்கு அடியில் எதிராளியின் விரல்களை முறுக்குவான், கண்ணைத் தேடுவான், கெண்டைக்காலை மிதிப்பான். இரண்டு ஆட்களையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வயது வரை வந்துவிட்டான்.

போன டிசம்பரில், பனி கொட்டிய ஆட்டம் ஒன்றில், ஐந்து பேர் குவியலுக்கு அடியில் அவனுடைய இடது தோள் மாட்டிக்கொண்டது. எழுந்தபோது கை தீப்பிடித்த மாதிரி இருந்தது. தீ அணைந்த பிறகு பாதிக் கைதான் திரும்பி வந்தது. அணி மருத்துவர் உள்ளங்கையை நீட்டித் தள்ளச் சொன்னபோது கையால் தள்ளாமல் உடம்பைச் சாய்த்துத் தள்ளிவிட்டுத் தேறினான். வீட்டில் ஏமாற்ற முடியவில்லை. சட்டைப் பித்தானைச் செலஸ்ட்தான் போட்டுவிட்டாள். ஆகஸ்டு பயிற்சிக் கேம்ப்புக்குப் பெட்டி கட்டுகிற அன்றைக்கும் போட்டுவிட்டு, கழுத்துப் பித்தானிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் ஒத்தைக் கையோட வந்தே. இந்த வருஷம் எதோட வரப்போறே?"

"இந்த ஒரு வருஷம்தான், செலஸ்ட்."

"அதையேதான் நாயும் சொல்லும், ரோட்டைத் தாண்டும்போது."

அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வருஷம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடி விழுகிற கணத்தில் தலைக்குள் எல்லாம் ஓய்ந்துபோகும், அந்த அமைதி வேறு எங்கேயும் அவனுக்குக் கிடைத்ததில்லை. அவன் இடத்துக்காக டாலிவர் என்ற இளம் கார்ட் ஒருவன் பின்னாலேயே காத்திருந்தான். கை செத்தது பயிற்சியாளர்களுக்குத் தெரிகிற நாளில் ஆர்லன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கேம்ப் ஒஹாயோவில், சோளக்காட்டு நடுவே இருக்கும் ஒரு சிறிய கல்லூரியில். முதல் சில நாட்கள் வெறும் ஓட்டம். முழுக் கவசம் மாட்டுகிற நாள் காலையில், தற்காப்பு வரிசைப் பயிற்சியாளர் ஹாஸ்கெல் முட்டைத் தட்டோடு வந்து ஆர்லன் எதிரே உட்கார்ந்தார். பந்து எறிகிறவன்மேல் பாய்வதற்கென்று புதிதாக எடுத்த டேக்கிள் ஒவ்வொருவனையும் முதலில் ஆர்லனோடு மோதவிட்டு, பிறகு ஆர்லனிடம் ஒரு வார்த்தை கேட்பது அவருடைய பழக்கம். இந்த வருஷம் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் நான்காவது சுற்றில் எடுத்த பையன் ஜெரிக்கோ யான்சி, ஜார்ஜியாக்காரன், கோழி ஃபேக்டரியில் வேலை பார்ப்பவளின் மகன். அவனைப் பற்றிப் பேசும்போது ஹாஸ்கெலுக்கு முட்டை இறங்கவில்லை.

"கால் இருக்கு, இடுப்பு இருக்கு, கை கதவு மாதிரி இருக்கு. ஆனா இந்தப் பய கீழ விழுந்தவனையெல்லாம் கை கொடுத்துத் தூக்கிவிடுறான். காலேஜ் ஆட்டம் மொத்தமும் போட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தனை விடல."

அதிலென்ன என்று ஆர்லன் கேட்டான்.

"உள்ளே ஒரு கெட்டவன் இருக்கானான்னு எனக்குத் தெரியணும். அதை ஃபிலிம்ல பார்க்க முடியல. நீ தொட்டுப் பார்த்துச் சொல்லு. இல்லேன்னா மாசக் கடைசி ஆள் குறைப்புல பயலை அனுப்பிடுறேன்."

பத்து மணிக்கே வெயில் ஹெல்மெட்டைச் சட்டியாக்கிவிட்டது. ஆட்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றார்கள். நடுவில் ஆர்லன், அவனுக்குப் பின்னால் பந்து எறிகிறவனுக்குப் பதிலாக ஓர் ஆளுயர மூட்டை, எதிரே யான்சி. மூட்டையைத் தொட்டால் டேக்கிளுக்கு வெற்றி. யான்சி குனிந்து கை ஊன்றியபோது புல் பிதுங்கியது. இருபத்திரண்டு வயது முகம், கம்பிக்குப் பின்னால் அசையாமல் இருந்தது.

விசில்.

ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதிய வேகத்தில் ஆர்லனின் வாயில் இரும்புச் சுவை ஊறியது. அதற்குள் யான்சியின் வலது உள்ளங்கை அவன் இடது தோளில் இறங்கிவிட்டது. தோளிலிருந்து சுண்டுவிரல்வரை கொதிக்கிற எண்ணெய் ஓடியது. எண்ணெய் ஓடிய வழியில் கை இல்லாமல் போயிற்று. வலது கையால் பையனின் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தன்மேலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு மல்லாந்து விழுந்தான் ஆர்லன். யான்சியின் முழங்கை விலாவில் இறங்கியது. மூட்டையை யாரும் தொடவில்லை. கணக்கு ஆர்லனுக்கு.

யான்சி எழுந்து கையை நீட்டினான்.

"மன்னிச்சுக்குங்க சார்."

ஆர்லனின் இடது பக்கமாக நீட்டிய கை அது. இடது கை எழவில்லை. ஆர்லன் உடம்பைத் திருப்பி வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்தான். பையனின் கண் ஒரு தடவை அந்தத் தொங்கும் கைமேல் இறங்கி மேலே ஏறியது. ஆர்லன் அதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தான். அடுத்த மோதலில் இவன் அங்கேதான் வருவான், நானாக இருந்தாலும் அங்கேதான் வந்திருப்பேன்.

யான்சி அங்கே வரவில்லை. வலது பக்கம் வந்தான். ஆர்லனின் நல்ல கை அவன் மார்பைப் பிடித்து நிறுத்தியது. அடுத்ததிலும் வலது பக்கம். இந்த முறை ஆர்லன் அவனை இடுப்புக்குக் கீழே வாங்கித் தரையில் அறைந்தான், பையனின் காற்று மொத்தமும் ஒரே சத்தமாக வெளியே வந்தது. சுவர்கள் சிரித்தன. கிழவன் இன்னும் சாகலடா என்று யாரோ சொன்னார்கள். சர்ச்சுல உண்டியல் தூக்கப் போடா என்று யான்சியைப் பார்த்து இன்னொருவன். ஹாஸ்கெல் தரையைப் பார்த்துத் துப்பினார். டாலிவர் தன் கையுறையை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

எல்லாம் ஆர்லனுக்குச் சாதகமாக முடிந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மத்தியானம் ஹாஸ்கெல் கேட்பார், பையன் மெத்துன்னு இருக்கான் என்று சொன்னால் அவர் நம்புவார். ஏனென்றால் அது உண்மையும்கூட. பையன் போய்விடுவான், அவனுக்குத் தெரிந்ததும் அவனோடு ஜார்ஜியாவுக்குப் போய்விடும்.

தண்ணீர் குடிக்கிற இடத்தில் யான்சி பக்கத்தில் வந்து நின்றான். பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னான்.

"கவலைப்படாதீங்க சார். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் வரவும் மாட்டேன்."

நல்ல மனசோடு சொன்னான். ஆர்லனின் காதுக்குள் அது சாக்கடைத் தண்ணீராக இறங்கியது. இதுவரை அவன்மேல் யாரும் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்ததில்லை. அவன் நின்ற ஒவ்வொரு அடி நிலமும் அடித்துப் பிடித்தது. இப்போது நிற்கிற அடி மட்டும் பிச்சை.

ஹெல்மெட்டை மாட்டினான். விசில் ஊதியதும் மோதவில்லை. கட்டைவிரலைப் பையனின் கம்பிக்குக் கீழே நுழைத்துத் தொண்டைக் குழியில் குத்தினான். யான்சி இருமிக்கொண்டு மண்டியிட்டபோது ஊன்றிய கையை ஆணிச் செருப்பால் மிதித்தான். நகம் ஒன்று மேலே பிய்ந்து நின்றது. ஹாஸ்கெல் தடுக்கவில்லை. அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

யான்சி கையை உதறி ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். மறுபடி வலது பக்கம் வந்தான். ஆர்லன் குவியலுக்கடியில் செய்கிற வேலையை வெயிலில் வைத்தே செய்தான். பையனின் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். கிளிக் என்றது. யான்சி கத்தவில்லை. மோதலில் மூக்கிலிருந்து வந்த ரத்தத்தை உள்ளே இழுத்து விழுங்கினான்.

"இந்தப் பக்கம் வாடா" என்றான் ஆர்லன், செத்த தோளைக் காட்டி. அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வேண்டாம் சார்."

"சார்னு கூப்பிட்டா பல்லைப் பேத்துடுவேன். வா."

"வேண்டாம்."

"உங்கம்மா கோழி உரிக்கிற ஃபேக்டரிதானே? உனக்கும் ஒரு ஏப்ரன் எடுத்து வைக்கச் சொல்லு. அங்கதான் போகப்போறே. கோழிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடு, சந்தோஷப்படும்."

கம்பிக்குப் பின்னால் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. அந்த மூடுதல் ஆர்லனுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

விசில் ஊதியது அவனுக்குப் பாதிதான் கேட்டது. யான்சி தாழ்வாக வந்தான், ஒடிந்த விரலுள்ள கையையே ஓங்கிக்கொண்டு வந்தான், முழு உடம்பையும் அந்தக் கைக்குப் பின்னால் வைத்து இடது தோளை அடித்தான். ஈர மரத்தைப் பிளக்கிற சத்தம். மூட்டு கழன்று முன்னால் புடைத்தது, கை சட்டைக்குள் வேறொருவனுடையதாகத் தொங்கியது. ஆர்லன் விழுவதற்கு முன்பே இன்னொரு அடி, அதே இடத்தில். பிறகு தொடையில் ஆணிச் செருப்பு ஏறி இறங்கியது. யான்சி போய் மோதியதில் மூட்டை தையல் விட்டுப் பஞ்சு கொட்டிச் சரிந்தது.

யான்சி திரும்பி வந்தான். கீழே கிடந்தவனைத் தாண்டிக் காலை வைத்துத் தன் இடத்துக்குப் போய் நின்றான். கையை நீட்டவில்லை.

ஆர்லன் வாந்தி எடுத்தான். கம்பி வழியாக அது வெளியே போனது. ஹாஸ்கெலின் நிழல் முகத்தில் விழுந்தது. குந்தி உட்கார்ந்தவர் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

"சொல்லு. எப்படி?"

"கால் மணி முன்னாடி கேட்டிருந்தா அனுப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன்." மூச்சு வாங்கியது. "மொத அடியிலேயே என் கை செத்ததைக் கண்டுபிடிச்சிட்டான். உங்க டாக்டருக்குத் தெரியல. கண்டுபிடிச்சும் அடிக்காம விட்டான்."

"இப்போ?"

"இப்போ அடிச்சான். வச்சுக்குங்க."

ஹாஸ்கெல் அப்போதுதான் கையைப் பார்த்தார். "எப்போலேர்ந்து?"

"டிசம்பர்."

அவர் தலையாட்டினார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, இனி இவன் வீட்டுக்குத்தான் போவான் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, எல்லாரும் பத்து கஜம் அந்தப் பக்கம் நகருங்கள் என்று குரல் கொடுத்தார். கேம்ப் வழக்கம் அது. விழுந்தவனை நகர்த்த நேரமாகும், பயிற்சியை நகர்த்துவது சுலபம். சுவர்கள் நகர்ந்தன, புது மூட்டை ஒன்று வந்தது. டாலிவர் ஓடி வந்து ஆர்லன் நின்ற இடத்தில், பத்து கஜம் தள்ளி, நின்றான். கூப்பிடுவதற்கு முன்பே ஓடி வந்தான்.

வண்டி கொண்டுவருகிறோம் என்றார்கள். ஆர்லன் வேண்டாமென்று சொல்லி, செத்த கையை நல்ல கையால் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு தானாக நடந்தான். வேலிக்குப் போகிற வழி புதுக் கோட்டுக்குப் பக்கத்தில்தான். யான்சி குனிந்து, ஒடிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிய கையை ஊன்றியிருந்தான். அந்தப் பையன் இப்போது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தால் அந்த நல்லவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், ஹாஸ்கெலிடம் திரும்பிப் போய், வைத்துக்கொள்ளச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஆர்லன் நினைத்தான். நடையைக்கூடக் கொஞ்சம் தாமதப்படுத்தினான்.

யான்சி திரும்பவில்லை. விசில் ஊதியது, மோதல் கேட்டது, டாலிவரின் ஹெல்மெட் கழன்று புல்லில் உருண்டு ஆர்லனின் காலடிக்கு வந்தது. அவன் அதைக் காலால் திருப்பித் தள்ளிவிட்டு வேலிக் கதவைத் தோளால் திறக்கப் பார்த்தான். எந்தத் தோள் என்று நினைவு வந்ததும் மற்றப் பக்கம் திரும்பி இடித்தான்.