டிவிக்கு உறை தைத்தவள்

அந்தத் தெருவில் அவளை உறையக்கா என்றுதான் சொல்வார்கள். கண்ணில் படுகிற பொருளுக்கெல்லாம் உறை தைத்துவிடுவாள். தலையணைக்கும் மெத்தைக்கும் யார்தான் தைக்கவில்லை? இவள் மிக்ஸிக்குத் தைத்தாள், குக்கருக்குத் தைத்தாள், வாஷிங் மெஷினுக்குப் பாவாடை மாதிரி சுருக்கம் வைத்துத் தைத்தாள். ஒருநாள் நாற்காலியில் அசந்து தூங்கிய கணவன், இவள் கையில் அளவு நாடாவைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு எழுந்தான் என்று வீட்டில் ஒரு கேலி உண்டு.

தையல் சுத்தமான தையல், ஒரு நூல் பிசகாது. குணமும் நல்ல குணம்தான், ஒன்றைத் தவிர. அடுத்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை காதில் விழுந்தால் போதும், வயிறு எரியத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் கையெழுத்தைப் பார்த்து எரிந்தாள். எதிர்வீட்டுக்காரி மூச்சு வாங்காமல் மாடி ஏறுவதைப் பார்த்து எரிந்தாள். சரி, எரிகிறவள் அதை மறைக்கவாவது கற்றுக்கொண்டிருக்கலாம். அதுவும் தெரியாது. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வாள், வீட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும்.

மாமியார் லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை. அந்தம்மா அவளை வாய்விட்டுப் புகழ்ந்தது ஒரே ஒரு தடவை, கூடத்து டிவிக்கு அவள் உறை தைத்துப் போட்ட அன்று. கருநீல வெல்வெட். முன்பக்கத் துணியைச் சுருட்டி மேலே நாடாவால் கட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் எலாஸ்டிக் வைத்தது, டிவியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். படம் பார்க்க உறையைக் கழற்றவே வேண்டாம். "கடையில வாங்கினாக்கூட இப்படி அமையாது" என்று மாமியார் வருகிறவர்களுக்கெல்லாம் தொட்டுக் காட்டினாள். உறையக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வீட்டில் உன் இடம் எது என்று யாராவது கேட்டிருந்தால், அவள் அந்த டிவியைத்தான் காட்டியிருப்பாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை. அளந்து பேசுவாள், அளந்து சிரிப்பாள். மாமியார் அவளை ஒன்றும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஆனாலும் "சின்னவ சுறுசுறுப்பு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே மூத்தவள் ஒரு மாதம் எரிந்தாள்.

அவள் வந்து இரண்டு வருஷமான கோடையில் டிவி தானாக அணையத் தொடங்கியது. தொடரில் யாரோ யாரிடமோ உண்மையைச் சொல்ல வாய் திறக்கிற நேரமாகப் பார்த்து, 'டப்'பென்று இருட்டிவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போட்டால் வரும், மறுபடி போகும். மெக்கானிக்கிடம் போனில் கேட்டால், "கடைக்குத் தூக்கிட்டு வாங்க, ஒரு வாரம் வெச்சுப் பாக்கணும்" என்றான். ஒரு வாரமா! மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

"இருங்க அத்தை" என்றாள் இளையவள். "பின்னாடி தொட்டுப் பாருங்க, கொதிக்குது. எங்க கடை மெஷினும் சூடானா இப்படித்தான் படுத்துக்கும். தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி வீட்டுல செய்ய முடிஞ்சதைச் செஞ்சு பாத்துடலாம்."

பிளக்கைப் பிடுங்கி டிவியை ஆறவிட்டாள். சுவரோடு ஒட்டிக் கிடந்த மேஜையை ஒரு சாண் முன்னால் இழுத்தாள். டிவிக்கு அடியில் செருகியிருந்த செட்டாப் பாக்ஸ் தன் பங்குக்குச் சுட்டுக்கொண்டிருந்தது, அதை எடுத்து வேறு தட்டில் வைத்தாள். ஒரே அளவில் நாலு பாட்டில் மூடி தேடி டிவியின் கால்களுக்குக் கீழே கொடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு சற்றுத் தள்ளி நின்று, எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"அக்கா, இந்த உறையைக் கழட்டிடலாமா? பின்னாடி காத்துப் போற ஓட்டையெல்லாம் மூடிக் கெடக்கு."

உறையக்கா உதட்டைக் கடித்தாள். மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். தொடருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "கழட்டேன்டி, என்ன யோசனை?"

கழற்றினார்கள். ஓட்டைகளில் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. இளையவள் தன்னுடைய பழைய பவுடர் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுத்தாள். டிவியைப் போட்டதும், கண்ணைப் பறிக்கிற அளவுக்கு ஏற்றி வைத்திருந்த வெளிச்சத்தையும் குறைத்தாள். அன்றைக்கு டிவி ஒரு தடவைகூட அணையவில்லை. "காலணா செலவில்லாம முடிச்சிட்டா பாரு" என்று மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். வெல்வெட் உறை நாலாக மடிக்கப்பட்டுத் தையல் மெஷின்மேல் கிடந்தது.

டிவி ஆறிவிட்டது, உறையக்கா கொதித்தாள். சின்னவள் தூசி தட்டினாள், மேஜையை நகர்த்தினாள், மூடி வைத்தாள், வெளிச்சத்தைக் குறைத்தாள். இத்தனையும் செய்தபிறகு உறையால்தான் சூடு என்று எப்படிச் சொல்ல முடியும்? வேண்டுமென்றே செய்திருக்கிறாள். கழற்றியபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததே, நான் பார்க்கவில்லையா? வெங்காயம் நறுக்கும்போதும், துணி உலர்த்தும்போதும் இதே வழக்குதான் அவளுக்குள் நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவளே ஜெயித்தாள்.

மறுநாள் மத்தியானம் இளையவள் வேலைக்குப் போயிருந்தாள், மாமியார் அறையில் கண்ணயர்ந்திருந்தாள். உறையக்கா வெல்வெட்டை எடுத்து டிவிக்குப் போட்டு, எலாஸ்டிக்கை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து டிவியைப் போட்டாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. "அணையாதே, தாயே, அணையாதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஓடியது. அவள் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. எழுந்து பின்பக்கம் கை வைத்தாள். வெல்வெட் இஸ்திரி போட்ட துணி மாதிரி சுட்டது. கையை எடுப்பதற்குள் 'டப்'.

அந்த நேரம் பார்த்தா வாசல் கதவு திறக்க வேண்டும்? கடை மெஷின் சூடாகிப் படுத்துவிட்டதால் இளையவள் சீக்கிரமே திரும்பியிருந்தாள். உறையைப் பார்த்தாள், உறைமேல் இருந்த கையைப் பார்த்தாள். உறையக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அறையிலிருந்து மாமியாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மறுபடியும் நின்னுடுச்சா? யாரு இதை எடுத்து மாட்டினது?"

"நான்தான் அத்தை" என்றாள் இளையவள். "தூசி விழுதேன்னு காலையில போட்டுட்டுப் போனேன். தப்புதான்."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே முகம் கழுவப் போனாள். உறையக்காவுக்கு நன்றி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது. கெட்டிக்காரி என்ற பேர் போதாதென்று நல்லவள் என்ற பேரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே! சமையலறைக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"உன்னை யாருடி பழி ஏத்துக்கச் சொன்னது? எனக்குப் பிச்சை போடறியா?"

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லலை." இளையவளின் குரல் முதல் தடவையாக அளவு தவறியது. "என்மேலயும் தப்பு இருக்கு. சூடு, காத்து எல்லாம் அப்புறம்தான் அக்கா. வந்த நாள்ல இருந்தே அந்த உறையைப் பாத்தா எனக்குப் பத்திட்டு எரியும். எப்படா கழட்டுவோம்னு இருந்தேன். சாக்கு கிடைச்சுது."

"எரியுமா? உனக்கா? எதுக்கு?"

"இந்த வீட்டுல குக்கருக்கு உறை இருக்கு, வாஷிங் மெஷினுக்குப் பாவாடை இருக்கு. எங்க வீட்டுல இருந்து நான் கொண்டாந்தது ஒரே ஒரு ரேடியோ. ரெண்டு வருஷமா ஷெல்ஃபுல மொட்டையா நிக்குது. அதுக்கு ஒண்ணு தைக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கையெழுத்துக்கும் மாடிப்படிக்கும்கூட எரிந்தவள் உறையக்கா. தன்னைப் பார்த்து ஒருத்தி எரிவாள் என்று கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இந்தச் சுறுசுறுப்புக்காரி, ரெண்டு வருஷமாக! மாமியாரின் அந்தப் பாராட்டுகூட இவ்வளவு இனித்ததில்லை. உதடு தானாக விரிந்தது, கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கூடத்துக்குப் போய் டிவியிலிருந்து வெல்வெட்டை உருவினாள். துணி இன்னும் சுட்டது. மெஷின்மேல் பரப்பி, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டாள்.

"போய் அந்த ரேடியோவை எடுத்துட்டு வா" என்றாள். "காத்து எந்தப் பக்கம் போகணும்னு இப்பவே காட்டிடு. அப்புறம் வந்து கழட்டுன்னா கையை ஒடிச்சுடுவேன்."