‘நமது ராஜ்யம்’, கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பிறகு

துணியில் ஒட்டிய தேசப்படத்தை ஆணியில் மாட்டிக் கயிற்றை அவிழ்த்தால், அடியிலுள்ள உருட்டுக்கட்டை இறங்கி வந்து சுவரில் ஒருமுறை முட்டும். டொக். இப்போதும் பக்கத்து வீட்டில் யாராவது சன்னலைச் சாத்தினால், நாலாம் பாரம் தமிழ் டிவிஷன் முழுவதும் எனக்குள் எழுந்து நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவரும் பொறுப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம்தான் அதற்கு இடைஞ்சல்.

பாய் பின்னிய கதை

பாறசாலைக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் திருவனந்தபுரத்திலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலமும் தடியடியுமாக இருந்த வருஷங்கள். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, சரித்திரத்தையும் பூகோளத்தையும் சேர்த்துச் ‘சமூகப் பாடம்’ என்று ஒன்று வந்தது. தமிழ் டிவிஷனில் அது ஒழுங்காக நடக்கிறது என்று இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதினால்தான் டிவிஷன் அடுத்த வருஷமும் இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளைகள் மலையாள டிவிஷனுக்குப் போவார்கள். அங்கே நடத்தத் தமிழ் டிவிஷனின் சரித்திர ஆசிரியர் சாமுவேல் சாரால் முடியாது. மலையாளம் அவருக்கு வாயில் உண்டு, கையில் இல்லை. வீட்டிலோ அவர் சம்பளத்தை நம்பி ஆறு பேர்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஹெட்மாஸ்டர் என்னிடம் தந்தார். திருவனந்தபுரத்தில் இலக்கியம் படித்தவளுக்குத் திட்டம் போடத் தெரியும் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன், அதுதான் துக்கம். வாரங்களைக் குறுக்கிலும் பாடங்களை நெடுக்கிலும் வைத்து, மூன்று நிற மையில் கட்டம் கட்டமாக ஒரு தாள் வரைந்து ஆசிரியர் அறையில் ஒட்டினேன். ஓரத்தில் பூங்கொடிகூடப் போட்டிருந்தேன். சாமுவேல் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பாய் நல்லா உண்டு டீச்சரே. இதிலே பிள்ளைக எங்க இருக்கணும்?”

ஒருமனதான தீர்மானம்

புத்தகத்தின் முதல் பாடம் ‘நமது ராஜ்யம்’. ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசித்ததும் எல்லோரும் தமிழ் டிவிஷனை நினைத்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் ஊர்வலத்தில் அடிபட்டவரின் மகன். அவனுக்கு அடுத்து ஹெட்கான்ஸ்டபிளின் மகன். எந்த ராஜ்யத்தை ‘நமது’ என்றாலும் சாயங்காலத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து ஆள் வரும்.

பாடத்தைக் கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பிறகு தள்ளிவைக்கலாம், அதற்குள் டில்லியில் முடிவு செய்துவிடுவார்கள் என்றேன். என் யோசனைகளில் எல்லோரும் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். முதல் கட்டத்தை அடித்துக் கடைசியில் எழுதினேன். கொடியின்மேல் மை கொட்டியது. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம். “டில்லிக்காரங்களுக்கு நம்ம டைம்டேபிள் தெரியுமோ டீச்சர்?”

நான் நடத்திய கணக்கெடுப்பு

பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ச் சுற்றுப்புறத்தைக் கேட்டறிய வேண்டும் என்பது புதிய முறை. என்ன தொழில், என்ன விளைகிறது என்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். அழகாகத் தொடங்கட்டுமே என்று ‘வீட்டில் பேசும் மொழி எது?’ என்பதை முதலில் வைத்தேன். ஊரே அந்த ஒரு கேள்விக்காகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. கவிதை வாசிக்கிறவர்களுக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

பிள்ளைகள் கொல்லயில் என்ற ஊர்ப்பக்கம் போன ஒரு மணி நேரத்தில், எல்லை பிரிக்க ஆள் எண்ணுகிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. தமிழ் வீடுகளில் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துச் சொன்னார்கள். மலையாள வீடுகளில் விருந்துக்கு வந்தவர்களைப் போகவிடவில்லை. சாயாக்கடையில் பெஞ்சு உடைந்தது. போலீஸ் வந்து தாள்களையெல்லாம் வாங்கிப் போனது. மறுநாள் காலையில், எங்கள் மாணவி லீலாவின் அம்மா ரோசம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். “டீச்சரே, நேத்தைக்கு எனக்க மருமவன் இஞ்ச இல்ல. இப்பம் வந்தாச்சு. அவனையும் தமிழிலே எழுதணும், கேட்டியளா?”

விலக வழியில்லை

போலீஸ் வரைக்கும் போன பாடத்திட்டத்தைப் பார்க்க, ஓணப் பரீட்சை முடிந்த கையோடு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். என் பாயைப் பார்த்தார். முதல் பாடம் ஏன் கடைசியில் என்றார். மழைக்காலம், ஈரத்தில் தேசப்படம் கெட்டுப்போகும் என்று நான் என்னவோ உளறினேன். “அப்படியானால் அந்தப் பாடத்தையே இப்போது நடத்தச் சொல்லுங்கள்” என்று தமிழ் டிவிஷனுக்குள் போய் உட்கார்ந்தார்.

டொக். தேசப்படம் இறங்கியது. சாமுவேல் சார் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். போய்த் தெற்குத் தாலுகாக்கள் முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றார். அங்கே நின்றபடியே மலை, ஆறு, காயல், மிளகு, துறைமுகம் எல்லாம் வந்தது. குச்சி வடக்கே போனது, ஆள் அசையவில்லை. சட்டை முதுகு நனைந்து தேசப்படத்தோடு ஒட்டிக்கொண்டது. முதல் பெஞ்சில் இரண்டு பையன்களும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

“சார், கொஞ்சம் விலகுங்கள். பின்னால் இருப்பது எந்த ராஜ்யம்?” என்றார் இன்ஸ்பெக்டர். கடைசி வரிசையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். “விலக வழியில்லை சார். எனக்க வீடு இங்கயாக்கும் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, பாடம் திருப்தி, டிவிஷன் தொடரலாம் என்று எழுதினார். வாசலில் குடையை விரிக்கும்போதுதான் என்னிடம் சொன்னார்: “எனக்கும் வீடு இதே தாலுகாதான் டீச்சர், வெள்ளறடை.”

கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பிறகு

டில்லியில் முடிவு செய்தார்கள். பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னைப் பக்கம் போனது. நாங்கள் மலையாளப் பக்கம். சரி, இனி தைரியமாக நடத்தலாம் என்று தேசப்படத்தைத் தூசி தட்டினேன். ராஜ்யமே மாறிவிட்டதால் ‘நமது ராஜ்யம்’ பாடத்தை நடத்த வேண்டாம், புதுப் புத்தகம் வரும் என்று உத்தரவு வந்தது.

இன்ஸ்பெக்டர் காப்பாற்றிக் கொடுத்த டிவிஷனுக்கு ஜூனில் பிள்ளைகள் வரவில்லை. மருமகனையும் தமிழில் எழுதச் சொன்ன ரோசம்மாளே லீலாவை மலையாள டிவிஷனில் சேர்க்கக் கூட்டி வந்தாள். நான் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் மொழியைப் பற்றி நீளமாகப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். அவள் முழுவதும் கேட்டாள். “தமிழ் நான் வீட்டிலே சொல்லிக் கொடுக்கேன் டீச்சரே. வேலை நீங்க வாங்கித் தருவியளா?”

நான் போட்ட திட்டத்தில் அந்தப் பாடம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் குறித்த வாரத்தில் நடந்து முடிந்தது. சாமுவேல் சார் களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு, ஓய்வு பெறும் வரை அதே வீட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் எல்லை தாண்டிப் போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்.