கொம்பு தட்டியவர் சுத்த சைவம்: லானோவில் ஒரு மான் வேட்டை

மூன்று சீசனாக வெறுங்கையோடு திரும்பியவள் நான். அதனால் இந்த நவம்பரில், வெள்ளை வால் மான்கள் இணை சேரும் வாரமாகப் பார்த்து வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். எப்போதும் உஷாராக இருக்கும் ஆண் மான், அந்த வாரம் மட்டும் பெண் மானின் பின்னால் பட்டப்பகலில் புத்திகெட்டு அலையும்.

கூட வந்தவர் என் கணவர் ரகு. முட்டைகூடத் தொடாதவர், டிரைவ் பண்ண மட்டும் வருவதாகப் பேச்சு. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் சீடர் பார்க்கிலிருந்து லானோ 65 மைல். காலை 4.15க்குக் கிளம்பி 5.30க்குப் பண்ணை வாசலில் இருந்தோம். அங்கே ஒரு நாள் வேட்டையாடப் பண்ணைக்காரருக்கு 275 டாலர்.

வழியில் ரகு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே குண்டுல போகணும் ப்ரியா. அடிபட்டு ஓடித்துன்னா இதோட நிறுத்திடு."

சரி என்றுவிட்டேன்.

போன வருடக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வேட்டை ஜாக்கெட்டைச் சமையலறை ஓரம் மாட்டி வைத்திருந்தேன். நூறு கெஜம் வரை வந்த மான் பெருங்காயத் தாளிப்பை மோந்து, வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. இந்த முறை உடைகள் ஒரு மாதம் கராஜில், மூடிய டப்பாவுக்குள் இருந்தன.

மான் கண்ணில் படாமல் ஒளிந்து உட்காரும் மரக்கூண்டில் இருந்தோம்; இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. 8.10க்கு ரகுதான் பொறுமை இழந்தார்.

"அந்தக் கொம்பக் குடு, நான் தட்டறேன்."

பண்ணைக்காரர் கொடுத்த பழைய மான் கொம்பு ஜோடி அது. மோதித் தட்டினால், இரண்டு ஆண்கள் சண்டை போடுவதாக நினைத்து இன்னொன்று பார்க்க வரும். மனிதர் ரசித்துத் தட்டினார்.

நான்கே நிமிடம். எட்டு முனைக் கொம்போடு ஒன்று ஓக் மரங்களுக்கு நடுவில் வந்து, எங்களையே நேராகப் பார்த்து நின்றது. அந்த நிலையில் சுட்டால் சரியான இடத்தில் படுவது சந்தேகம்.

"ஷூட் பண்ணு," என்று முணுமுணுத்தார், நிபந்தனை போட்ட அதே மனிதர்.

"மாட்டேன். திரும்பட்டும்."

அது திரும்பி மரங்களுக்குள் நடந்தது. நாலாவது சீசனும் போச்சு என்று நினைத்தபோது, ஒரு பெண் மான் குறுக்கே ஓடியது. ஆண் அதன் பின்னாலேயே வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. 85 கெஜம். சுட்டேன். இரண்டடி வைத்து அப்படியே விழுந்தது.

அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: டெக்சாஸ்வாசிகளுக்கு லைசென்ஸ் 25 டாலர், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். மான் விழுந்ததும், லைசென்ஸோடு தரும் அடையாளச் சீட்டான டேக்கை அதில் கட்ட வேண்டும். கொம்பு அளவு விதி கவுண்டிக்குக் கவுண்டி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். கறி வெட்டித் தர எனக்கு 140 டாலர் ஆனது. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். சரியான நிலை கிடைக்காவிட்டால் சுடாமல் வந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் ரகு மயிலாப்பூருக்கு ஃபோன் போட்டார். மாமியாரைப் பொறுத்தவரை நாங்கள் மூன்று வருடமாக கேம்பிங் போய்க்கொண்டிருந்தோம். நான் கிள்ளியும் அவர் நிறுத்தவில்லை.

"அம்மா, ப்ரியா ஒரு மான அடிச்சுட்டா. நான்தான் கொம்பு தட்டி வரவழைச்சேன்."

"துடிச்சுதாடா?" என்று ஸ்பீக்கரில் மாமியார் கேட்டார்.

"இல்லம்மா. அவ அப்படி அடிக்க மாட்டா."