சுவர் சூடாக இருக்கும் இடம்

இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் கணவரே முதலில் நம்பவில்லை. ஆனால் நடந்தது. நடந்தது எனக்கு.

போன வருடம், மழை விட்ட ஒரு சாயங்காலம். துணிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து ஆறு பத்துக்கு வீடு திரும்பினேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் ஐந்து வயது மகளைக் காணவில்லை. கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினார். எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர், பாவம், மூச்சு வாங்க ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினார். நான் சுற்றியிருந்த தெருக்களைச் சல்லடை போட்டுச் சலித்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலுக்கே திரும்பி வந்தேன்.

பக்கத்து வீட்டு வாண்டுதான் விரல் சூப்பிக்கொண்டே சொன்னாள்.

"அவ அத்தை வீட்டுக்குப் போயிருப்பா."

"எந்த அத்தைடி? வீடு எங்க இருக்கு?"

"குரைக்கிற கேட்டு. அப்புறம் மூக்கைப் பொத்துற எடம். அப்புறம் சுவரு சூடா இருக்கும். அங்கதான்."

ஆறு வருடமாக அந்தத் தெருவில் குடியிருக்கிறேன். மருந்துக்கடை தெரியும், ஏடிஎம் தெரியும். சூடான சுவர்?

ஓடினேன். நாய் குரைத்த கேட். சாக்கடை மூடி. சுவரைத் தடவிக்கொண்டே போனேன். ஈரம்... ஈரம்... குனிந்து தடவினேன். சட்டென்று வெதுவெதுப்பு. ரொட்டிக்கடை அடுப்பின் பின்பக்கம். ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில் மட்டும் சூடு.

ஆனால் வழி இல்லை. வெறும் சுவர்.

கால் மடங்கி மண்டியிட்டு விழுந்தேன். நிமிர்ந்தால்...

ஒரு சந்து.

எழுந்தேன். சுவர்.

மண்டியிட்டேன். சந்து.

தவழ்ந்தே உள்ளே போனேன்.

ஒரு வாசற்படி. அதில் என் மகள். எதிரே ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சர்ர்... சர்ர்...

காய்ந்த விரல்கள் கன்னத்தில் உரசும் சத்தம்.

"இதுவும் இல்ல."

என்னைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போ. எம் பையனைத்தான் காணோம்."

மகளை இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு அப்போ நாலு வயசும்மா. அடுத்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழ தூங்கிட்டேன். அம்மா என்னைத் தேடிப் போனாங்க. கொஞ்ச நேரத்துல நான் கெடைச்சுட்டேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க கெடைக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் அந்தச் சந்துல சுவர் கட்டி அடைச்சாங்க."

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "எப்படிப் போகணும்?"

வாண்டு சொன்னபடியே சொன்னேன்.

காலையில் ரொட்டிக்கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தோம். சுவரோரம் வீட்டுக்காரரின் செருப்பு. ஈர மண்ணில், மண்டியிட்டு நகர்ந்த தடம். அதன் பக்கத்திலேயே...

இன்னொரு தடம். சின்னச் சின்னப் பாதங்கள். நாலு வயசுப் பிள்ளையுடைய அளவு.

இரண்டும் சுவர்வரை போயிருந்தன. திரும்பி வரவில்லை.