அப்பாவுக்குக் கேட்டதா?

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியைப் புரட்டும் முன் நர்ஸ் அவரிடம் 'எண்ட்ஷுல்டிகுங்' என்று மன்னிப்புக் கேட்கிறாள். நம் ஊரில் ஒருவர் பேச்சற்றுப் படுத்துவிட்டால், சுற்றி உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசுவோம், அவர் அங்கே இல்லாதது மாதிரி. நான் மனம், மூளை என்று பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிப் பிழைப்பவன். டாக்டர்கள் ஆலோசனைக்குக் கூப்பிட்டால் வார்டுக்கும் போவேன். அந்த மன்னிப்பு காதில் விழும்போதெல்லாம் எரிச்சல் வரும். அவருக்குக் கேட்கும் என்று இவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளை மறித்த போராட்டத்தின்போது கள்ளக்குறிச்சியில் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். சின்னசேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தோம். கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். நோயாளி வண்டி வந்தால் வழிவிட வேண்டும் என்று பேசித்தான் வைத்திருந்தோம். விழுந்த புளியமரம் எப்படி வழிவிடும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாள் கரும்புத் தோட்டத்தில் அப்பா விழுந்தார். வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேலம் கொண்டுபோகச் சொன்னார்கள். நாங்கள் சாய்த்த மரத்தருகே அப்பாவை ஏற்றி வந்த ஜீப் நின்றது. என்னோடு வெட்டியவர்களே அப்பாவைப் போர்வையில் ஏந்தி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கே வண்டி எதுவுமில்லை, கொஞ்ச தூரத்தில் அடுத்த மரம். திறந்திருந்தது வெள்ளிமலைக்கு ஏறும் பாதை மட்டும்தான். மலைமேல் எந்தப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது? கள்ளக்குறிச்சிக்கே திரும்பினோம்.

ஆஸ்பத்திரியில் தாய்மாமன் கேட்டார். "யார்ரா அந்த மரத்த சாச்சது?"

"நாங்கதான் மாமா. நானும்தான் கவுறு புடிச்சேன்."

அப்பாவின் தலைமாட்டில் நின்றுதான் சொன்னேன். அம்மா பதறி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வுடு, அவருக்கு இன்னா கேக்கவா போவுது" என்றார் மாமா.

அப்பாவின் இடக்கண்ணில் நீர் இறங்கியது. நரம்பு தளர்ந்தால் அப்படி வரும் என்றார் டாக்டர். தளர்ந்திருந்ததோ வலப்பக்கம். மறுநாள் மதியம் அப்பா போய்விட்டார்.

அந்தப் போராட்டம் நியாயமானது. அது பின்னால் வாங்கித் தந்த இடத்தில்தான் படித்தேன். யாராவது அதைக் குறைத்துப் பேசினால் இன்றும் சண்டைக்குப் போவேன். ஆனால் அப்பாவுக்குக் கேட்டதா என்ற கேள்வி என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. சென்னை, டெல்லி, பிறகு இங்கே. கண்ணீருக்கு மனம் வேண்டுமா என்று புத்தகமே எழுதிவிட்டேன். அதிலும் பதில் இல்லை.

போன வாரம் வார்டில் ஒரு வயதான அம்மாள், நினைவின்றிப் படுத்திருந்த கணவரைக் காட்டி, "இவருக்குக் கேட்கிறதா?" என்றார். "கேட்பது என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது" என்று ஆரம்பித்தேன். எனக்கு ஜெர்மன் போதாது என்று நினைத்துவிட்டார், பாவம். தன் காதைத் தொட்டுக் காட்டி, குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்டார். வெட்கமாகிவிட்டது.

"யா, கேட்கிறது" என்றேன். என் புத்தகத்தின் எந்தப் பக்கமும் அதை ஒப்புக்கொள்ளாது.

"அப்படியானால் நீங்களும் ஏதாவது சொல்லுங்கள், உங்கள் மொழியிலேயே. இவருக்குப் புது ஆட்கள் பிடிக்கும்."

குனிந்தேன். "நீ அந்த வழியா வருவன்னு தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா கவுத்த தொட்டே இருக்கமாட்டேன்." இத்தனை வருடம் வாயில் வராத எங்களூர்ப் பேச்சு, அந்த வெள்ளைக்காரர் காதில் போய் விழுந்தது.

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. என்ன சொன்னீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். சீக்கிரம் எழுந்து வரச் சொன்னேன் என்றேன். "டாங்கே" என்று நன்றி சொல்லி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.