ஓல் பள்ளத்தாக்கில் என் மகன் வாங்கிய பண்ணை

என் மகன் பிரவீண் நார்வேக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில், நீர்மின் நிலையத்தில் இன்ஜினியர். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, முடிந்ததும் வந்துவிடுவான் என்று நானாகவே முடிவு கட்டி, தெலுங்கு ஊரான லோத்குண்டாவில் எங்கள் வீட்டில் அவன் அறைக்குப் புது ஏசி போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான். டிவி சீரியலில் மாமியார் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்கிற அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. ஆகவே போன செப்டம்பரில் நான் கிளம்பியது ஊர் பார்க்க இல்லை. பையனைக் கையோடு கூட்டி வரத்தான்.

வீட்டிலிருந்து விமான நிலையம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டாக்சிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். "கைக்கு அம்மா, இத்னா சாமான்?" எதற்கு இவ்வளவு சாமான் என்று, பெட்டியைத் தூக்கும்போதே டிரைவர் இந்தியில் அலுத்துக்கொண்டார். மகனுக்கு என்றதும் முகம் மாறிவிட்டது, பிறகு வழியெல்லாம் துபாயில் இருக்கும் தன் மகனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தோஹா வழியாக ஆஸ்லோ போய் வர டிக்கெட் எண்பத்திரண்டாயிரம்.

ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயிலில் ஏறினால் மூன்றேகால் மணி நேரத்தில் ஓல் வந்துவிடும். சுமார் இருநூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே ஏரி, காடு, மறுபடி ஏரி. அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் பெட்டி முழுக்க ஆள் இருந்தும் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. நம் ரயிலாக இருந்தால் இதற்குள் எதிர் சீட்டுக்காரரின் ஜாதகமே நம் கையில் இருக்கும்.

ஓல் என்பது ஹாலிங்தால் பள்ளத்தாக்கில் ஒரு நகராட்சி. நகராட்சி என்றதும் எங்கள் வீட்டுப் பக்கத்துத் திருமுல்கேரி போல் நெரிசலாகக் கற்பனை செய்யாதீர்கள். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் சரிவு, சரிவில் தள்ளித் தள்ளிப் பண்ணை வீடுகள், நடுவே ஒரு கடைவீதி. பக்கத்துத் தோர்பு கிராமத்தில் எண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட மரத் தேவாலயம் ஒன்று நிற்கிறது. தார் பூசிய கறுத்த மரம், உள்ளே வளைந்த கூரையில் மார்கரெத் என்ற புனிதையின் கதை ஓவியமாக இருக்கிறது. கோடையில்தான் உள்ளே விடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். கோடை வந்தால் மாடு, ஆடுகளை மேலே மலைக் குடிலுக்கு ஓட்டிப்போய் அங்கேயே பால் கறந்து பாலாடைக்கட்டி செய்வது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். சில குடும்பங்கள் இன்னும் செய்கின்றன.

போன அன்று சாப்பிடும்போதே பிரவீண் மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா, நான் இங்க ஒரு சின்ன ஃபார்ம் வாங்கிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் ஊருக்கு வெளியே ஷாமிர்பேட் பக்கம் ஒரு காலி மனை இருக்கும். சுற்றுச்சுவர் கட்டி, கேட்டில் பூட்டுப் போட்டு, விலை ஏறட்டும் என்று விட்டு வைப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். "நல்ல காரியம் பண்ணுனலே! பூட்டிப் போட்டுட்டு வா. ஒரு வாட்ச்மேன வையி. பத்து வருசத்துல மூணு மடங்கு போவும்!"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அதற்குள் எங்கள் சொந்த ஊர் பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டு, பையன் நார்வேயில் நிலம் வாங்கிய பெருமையை அளந்துகொண்டிருந்தேன். போனை வைத்ததும், "சரிதானல?" என்றேன். "ஹவ்மா" என்று லோத்குண்டா பாணியில் ஆமாம் போட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

நான் போன இரண்டாவது சனிக்கிழமை, ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் நாள். கோடை முழுக்க மேலே அவிழ்த்துவிட்ட செம்மறிகளை ஊரே சேர்ந்து தேடிப் பிடித்து ஓட்டி வருகிறது. பிரவீணும் விடியற்காலையிலேயே மேலே போய்விட்டான். நான் கீழே பட்டி அருகில் பக்கத்துப் பண்ணை மாரித்தோடு நின்றேன். அறுபது வயதுப் பெண்மணி, நல்ல ஆங்கிலம். பிளாஸ்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றினார்.

"உங்கள் மகன் இங்கேயே இருக்கப்போகிறான் என்பதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்" என்றார்.

"இல்லையே, டிசம்பரில் வந்துவிடுவான். பண்ணையைப் பூட்டிவிட்டு."

மாரித் காபியை வேலிக்கம்பத்தில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். விளைநிலத்தோடு இப்படிப் பண்ணை வாங்கினால், வாங்கியவரே அதில் ஐந்து வருடமாவது குடியிருக்க வேண்டும். சட்டமே அப்படி. "வீடுகள் பூட்டிக் கிடந்தால் பள்ளிக்கூடம் போகும், கடை போகும், பிறகு பள்ளத்தாக்கில் யார் இருப்பார்கள்?"

அப்போதுதான் ஆடுகள் சரிவில் இறங்கின. அவற்றின் பின்னால் முழங்கால் வரை சேற்றோடு என் பிள்ளை. எவனோ அவன் முதுகில் அறைந்து என்னவோ சொல்ல, இவன் அவர்கள் பாஷையிலேயே பதில் கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காயிற்று. ஐயோ, இவன் இங்கே தனியாகக் கிடந்து தவிக்கிறான் என்றா நான் ஓடி வந்தேன்? தவித்துக்கொண்டிருந்தது நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏலே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்மா. டிசம்பருக்கு அப்புறமும் வேலைய நீட்டிச்சுக் குடுத்துட்டாங்க. நீ அவ்வளோ குஷியா சித்திக்கு போன் போட்டுட்ட. அப்புறம் எனக்கு தைரியம் வரல."

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அப்ப நானும் இங்கயே இருந்துரட்டா? லோத்குண்டாவுல எனக்கு யாருல இருக்கா?"

பிரவீண் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதையும் பாத்துட்டேன்மா. நிலம் வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். உனக்கு விசிட்டர் விசாதான் கெடைக்கும். நைன்ட்டி டேஸ். அதுக்கு மேல விடமாட்டாங்க." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. நான் எழுந்துபோய் அவன் தலையைத் தடவினேன். முடியில் ஆட்டு வாடை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பரிலேயே நல்ல ஸ்வெட்டரும் தண்ணீர் புகாத ஷூவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்கு நம் ஊர் போலச் சொல்லாமல் போய் நிற்காதீர்கள், போன் செய்துவிட்டுப் போனால் அன்பாக உட்கார வைப்பார்கள். சுற்றுலா விசாவில் எந்த நூற்றெண்பது நாளை எடுத்தாலும் தொண்ணூறு நாள்தான் இருக்க முடியும். அந்த ஊர் என் மகனை ஐந்து வருடம் போகாதே என்கிறது, என்னைத் தொண்ணூறு நாளில் கிளம்பு என்கிறது. பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பி வரும் டிக்கெட்டை இங்கேயே எடுத்துவிடுங்கள். அங்கே போன பிறகு எடுக்கக் கை வராது.