சூரன்போர் அன்று விழுந்தவள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆமி என்ற சொல்லை ஒரு நல்ல செய்தியாகக் கொண்டுவந்தவள் நான்தான். அதற்கு முன்பெல்லாம் அந்தச் சொல் வந்தால், இலங்கையில் யாருடைய வீட்டை எரித்தது, யாரைப் பிடித்துக்கொண்டு போனது என்றுதான் வரும். நான் சொன்னது ஆமி கூட இல்லை, கனடா விமானப்படை. பைலட்டாகச் சேரப் போகிறேன் என்றேன். அம்மா பிட்டுக் குழைத்த கையோடு அப்படியே நின்றா. உனக்கென்ன விசரே பிள்ளை என்று கேட்டா.

நான் விடவில்லை. விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அம்மா அதை வாய்க்கொழுப்பு என்பா. குண்டு போடுகிற பிளேன் இல்லையம்மா, கடலிலும் மலையிலும் மாட்டுப்பட்ட சனத்தைத் தூக்குகிற ஹெலி ஓட்டத்தான் ஆசை என்று விளக்கினேன். ஹெலியாலும்தான் எங்களைச் சுட்டவங்கள் என்றா அம்மா.

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார், அந்த ஆமி வேறை, இது வேறை, பிள்ளைக்கு விருப்பமெண்டால் பறக்கட்டும் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் மூன்று பேரில் அதிகமாகப் பட்டவர் அவர். தன் தம்பியை, என் சித்தப்பாவை, ஊரில் ஆமியின் செல்லடியில் பறிகொடுத்துவிட்டு, தனியாக மொன்றியலுக்கு வந்து, அகதிக் கேஸ் நடத்தி, பிறகுதான் அம்மாவையும் சின்னப்பிள்ளையாக இருந்த என்னையும் கூப்பிட்டார்.

உண்மையில் ஆசையை மூட்டினவரும் அவர்தான். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு ஏற்றுகிற வேலை அவருக்கு. வில்லரேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கதை தொடங்கிவிடும். இன்றைக்கு ஒரு பெண் பைலட் கண்டேன், உன்னளவு உயரம்கூட இல்லை, எனக்கு பொன்ஜூர் சொல்லிவிட்டு அவ்வளவு பெரிய பிளேனைக் கொண்டுபோகிறாள் என்று, ஏதோ தன் மகளைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லுவார்.

காசு கொடுத்துப் பறக்கப் பழகுகிற வசதி எங்களுக்கு இல்லை. விமானப்படை எடுத்தால் அவர்களே பழக்குவார்கள். ஆள் சேர்க்கிற அலுவலகத்தில் இருந்த அம்மணி இரண்டு வழி சொன்னா. முழுநேரமாகச் சேர்ந்தால் படிக்கவைத்துப் பறக்கவும் பழக்குவார்கள், அதற்குப் பிறகு பல வருடம் அவர்கள் சொல்கிற இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பகுதிநேரமாக, சனி ஞாயிறில் ரிசேர்வில் இருக்கலாம். ஆனால் ரிசேர்விலிருந்து நேராகப் பைலட்டாக ஏலாது, அங்கே பறக்கிறவர்கள் அநேகமாக முழுநேரத்தில் பறந்துவிட்டு வந்தவர்கள் என்றும் சொன்னா. அம்மாவின் முகத்தை நினைத்து நான் இரண்டையும் ஒட்டிப்போட்டேன். முதலில் ரிசேர்வில் சேர்ந்து, பக்கத்தில் பல்கலைக்கழகத்தையும் முடித்துக்கொண்டு, பிறகு முழுநேரத்துக்கு மாறிப் பைலட்டுக்கு விண்ணப்பிக்கிறது. பிள்ளை சனி ஞாயிறில் ஒரு வேலைக்குப் போகுது என்று அம்மா சனத்துக்குச் சொல்லிச் சமாளிக்கலாம்.

அப்படித்தான் சமாளித்தா. சீருடைக்கு மேலே முழங்கால் வரைக்கும் கோட்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் மெற்றோவுக்குப் போவேன். ஆனாலும் எங்கள் சனத்துக்குக் கண் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாமி என் சப்பாத்தைப் பார்த்தே பிடித்துவிட்டா. பொம்பிளைப் பிள்ளைக்கு ஆமி என்ன ஆமி, நாளைக்கு ஆர் கட்டுவினம் என்று அம்மாவைக் கேட்டா. அம்மா அன்றைக்கு முதன்முறையாக என் பக்கம் நின்றா. அவள் பறக்கப் போறாள், கட்டுறவன் பின்னாலை ஓடி வரட்டும் என்றாவாம். எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை.

படிப்பு முடிந்தது. மாறுவதற்கு விண்ணப்பித்தேன். ஒன்ராறியோவில் ஒரு தளத்துக்குக் கூப்பிட்டு, கணினி முன்னால் இருத்தி, கையும் காலும் கண்ணும் தனித்தனியாக வேலை செய்கிறதா என்று பிழிந்து எடுத்தார்கள். பைலட் தேர்வில் பாஸ் என்று சொன்னதும், திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்தே அப்பாவுக்குப் போன் அடித்தேன். அவர் வேலையில் நின்றார். பின்னால் வண்டிகளின் இரைச்சல். இன்னொருக்கால் சொல்லு பிள்ளை என்றார். மிஞ்சியிருந்தது ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கான மெடிக்கல் மட்டும்தான்.

அந்த இடைவெளியில் கந்தசட்டி வந்தது. அம்மா ஒவ்வொரு வருடமும் பிடிக்கிற விரதம். அந்த முறை என்னையும் பிடிக்கச் சொன்னா. உன்ரை அலுவல் தானே, நீ கேட்டால் முருகன் கெதியாத் தருவார் என்றா. எனக்கு முருகனில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆமிக்குப் போகாதே என்று அழுத மனுசி, ஆமியில் எடுக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நிற்கும்போது எப்படி மாட்டேன் என்கிறது? பிடித்தேன். பகலில் பச்சைத் தண்ணி, பின்னேரம் பாலும் பழமும். மெடிக்கலில் மூச்சு வாங்கக் கூடாதென்று மொன்றியல் மலையில் ஓடுகிறதையும் நான் விடவில்லை.

கடைசி நாள் சூரன்போர். கோயில் மண்டபம் சனத்தால் முட்டி வழிந்தது. வெளியே குளிர் என்பதால் எல்லாரும் தடித்த கோட்டோடு, கதவெல்லாம் பூட்டி, கற்பூரப் புகையும் தவிலும். சூரனை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். யானைத் தலை விழுந்தது, சிங்கத் தலை விழுந்தது. சூரனின் தலை விழுந்ததை நான் பார்க்கவில்லை. அதற்கு முன்னமே நான் விழுந்துவிட்டேன்.

கண் திறக்கும்போது என் வலது கைக்குள் ஒரு திறப்புக் கோர்வை, இரும்புச் சாவிக்கொத்து. யாரோ வலிப்பு, வலிப்பு, இரும்பைக் கையிலை குடுங்கோ என்று கத்த, யாரோ தங்கள் கார்த் திறப்பைத் திணித்திருக்கிறார்கள். எங்கள் சனம் அப்படித்தான். விழுந்தவர் கொஞ்சம் உதறினால் போதும், இரும்பு வந்துவிடும். பசியில் மயங்கி விழுகிறவர்களுக்கும் கைகால் இரண்டொரு தரம் வெட்டும் என்பது எனக்குப் பிறகு டொக்டர் சொல்லித்தான் தெரியும். அம்மா பெண்கள் பக்கத்தில், கூட்டத்துக்கு அங்காலே நின்றா. வாசலடியில் இடம் பிடித்த என் பக்கத்தில் நின்றவர் அப்பா. அம்புலன்ஸ்காரன் பிரெஞ்சில் என்ன நடந்தது என்று கேட்க, அப்பா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்: வலிப்பு, கைகால் இழுத்தது, கனநேரம். நீண்ட நேரம் என்று அவர் சொன்னதை நான் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கேட்டேன். அந்த நேரம் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, விடியவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சோறும் ரசமும் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

மெடிக்கலில் கேட்டார்கள், எப்போதாவது நினைவு தப்பி விழுந்தது உண்டா என்று. உண்டு என்றேன். பொய் சொல்லிக்கொண்டு போய் ஒரு பிளேனில் ஏறுகிற ஆள் நான் இல்லை. விரதம், பட்டினி, சனக்கூட்டம் என்று எல்லாம் விளக்கினேன். அந்த டொக்டர் நல்ல மனுசன், தலையை ஆட்டிக் கேட்டார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அறிக்கையில் வலிப்பு என்றல்லவா இருக்கிறது? வெறும் மயக்கம் என்றால் பிரச்சினையில்லை, வலிப்பு என்றால் பைலட் ஆசனத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். நரம்பு டொக்டர் ஒருவர் பார்த்து எது என்று முடிவு சொல்லட்டும் என்று விட்டார்.

தலையைப் படம் பிடித்தார்கள், வயர் ஒட்டி மூளையின் மின்னோட்டம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இனி எல்லாம் நேரில் கண்டவர் சொல்கிறதைப் பொறுத்தது என்றா அந்த நரம்பு டொக்டர். ஆஸ்பத்திரித் தாளில் கண்டவர் என்று இருந்தது அப்பா ஒருவர்தான். எவ்வளவு நேரம் உதறினாள், கண் எப்படி இருந்தது, முகம் நீலமாகியதா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். நீ முன்கூட்டி அவரோடு இதைப் பற்றிக் கதைக்காதே, கேட்கும்போது உள்ளேயும் வராதே என்றும் சொன்னா. நான் சொல்லுக் கேட்கிற ஆமிக்காரி அல்லவா, கதைக்கவில்லை. அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே இருந்தேன். போனில் ஒரு சென்னைப் பிள்ளை மொழிபெயர்த்தது கதவுக்கு வெளியே மெல்லக் கேட்டது. அப்பாவின் குரல் மட்டும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் டொக்டர் என்னைக் கூப்பிட்டா. உன் அப்பா மிகத் தெளிவான மனிதர் என்றா. அம்புலன்ஸ்காரனுக்குச் சொன்னதை ஒரு சொல்லும் பிசகாமல் எனக்கும் சொன்னார், வலிப்பு, கைகால் இழுத்தது, கனநேரம். ஆகவே வலிப்பு இல்லை என்று என்னால் எழுத முடியாது, எனக்கு வருத்தமாக இருக்கிறது என்றா.

அவ்வளவுதான். படையிலிருந்து ஒரு அதிகாரி போனில் மரியாதையாகச் சொன்னார், பறக்கிற வேலை எதற்கும் தகுதியில்லை, தரையில் வேறு வேலை பார்க்கலாம் என்று. நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, முருகா, உனக்குக் கண்ணில்லையா என்று சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தா. அதற்குப் பிறகு அவ விரதம் பிடிக்கவேயில்லை.

அப்பாவோடு நான் கதைப்பதை நிறுத்தினேன். தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பறக்கட்டும் என்று வாயால் சொல்லிவிட்டு, மனதுக்குள் அந்தச் சீருடையை வெறுத்து, சமயம் வந்ததும் காலை வாரிவிட்டார் என்று நினைத்தேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில், உப்பைத் தாருங்கள் என்பதற்கு மேல் பேச்சில்லை. ரிசேர்வில் தொடர்ந்து இருந்தேன். களஞ்சியத்தில் சாமான் கொடுக்கிற வேலை. டோர்வலில் விமான உதிரிப்பாகம் விற்கிற ஒரு கொம்பனியில் கிழமைநாள் வேலையும் எடுத்தேன். ஒரே திசை என்பதால் அப்பாவைக் காரில் ஏற்றி இறக்குவதும் என் தலையில் விழுந்தது. ரேடியோதான் எங்களுக்குப் பதிலாகக் கதைத்தது.

ஒரு பின்னேரம் நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து, கார்கள் அப்படியே நின்றுவிட்டன. தலைக்கு மேலால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளேன்கள் இறங்கின. அப்பா கண்ணாடியால் குனிந்து, அதைப் பார் பிள்ளை, காத்துக்கு எப்பிடிச் சரிச்சுக் கொண்டு வாறான் என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ரேடியோவை அடித்து நிறுத்திவிட்டு வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். என்னைத் தடுக்கத்தான் சொன்னீர்களா என்று கேட்டேன். எத்தனை நிமிசம் இழுத்தது, கண் எப்படி இருந்தது, நீங்கள் என்னதான் கண்டீர்கள், இப்போதாவது சொல்லுங்கள் என்று கத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை, முன்னால் நின்ற காரைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஒண்டும் காணேல்லை, பிள்ளை," என்றார். "நீ சரியிறதை மட்டும் கண்டனான். கண்ணை மூடிப்போட்டன். தம்பி விழுந்ததை முழுக்கப் பாத்தவன் நான். உன்னைப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு. பக்கத்திலை நிண்ட சனம் சொன்னதைத்தான் சொன்னனான்."

சரி, அது பயத்தில் சொன்னது. பிறகு அந்த டொக்டர் ஆறுதலாக இருத்திக் கேட்டபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை விளங்காதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். தன் அகதி விசாரணையைப் பற்றிச் சொன்னார். அவரோடு ஒரே அறையில் இருந்த ஒருவர், விமான நிலையத்தில் ஒன்று சொல்லி, விசாரணையில் அதைத் திருத்தி உண்மையைச் சொல்லப் போய், பொய்க்காரன் என்று திருப்பி அனுப்பப்பட்டாராம். அப்பாவுக்கு அவருடைய லோயர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதானாம்: முதல் சொன்னதைக் கடைசி வரைக்கும் மாற்றாதே. அப்படி நின்றபடியால்தான் அவருக்கு இந்த நாடு கிடைத்தது, எங்களுக்கும் கிடைத்தது. ஒரு வலிப்பு வந்தால் மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்தாராம். மாற்றிச் சொன்னால் பொய்க்காரரின் மகள் என்று என்னைத் தள்ளிவிடுவார்கள் என்றுதான் பயந்தாராம். அந்த டொக்டரைக் கவர்ன்மென்ற் ஆள் என்று நினைத்து, முதல்நாள் இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டு போனாராம், ஒரு சொல்லும் பிசகக் கூடாதென்று.

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் என் முதுகைத் தொட வந்து, தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தான். கார்கள் நகரத் தொடங்கியிருந்தன.

"இப்ப வந்து உள்ளதைச் சொல்லட்டே?" என்று கேட்டார். "எங்கை வேணுமெண்டாலும் வாறன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தேன். "இனிச் சொன்னால் ஆர் அப்பா நம்புவினம்? மகளுக்காகக் கதையை மாத்துறார் எண்டுதான் நினைப்பினம்."

"ஓம்," என்றார் அப்பா. "அதுக்குத்தானே நானும் மாத்தேல்லை."